மூன்று மில்லிமீட்டர் ஆள்மாறாட்டம்

“கொலையா, கொள்ளையா?” என்று கேட்டான் கொசுறு.

“பூச்சி” என்றார் வந்தவர்.

“மருந்து அடிக்கிறவங்க அடுத்த கட்டடம்மா. நாங்க மனுஷங்களை மட்டும்தான் பிடிப்போம்.”

“கொஞ்சம் வாயை மூடுறியா?” என்றாள் அண்ணி. “நீங்க உட்காருங்க.”

தையல் கடைக்கு மேல்மாடியில் இருந்த அந்த ஒற்றை அறைத் துப்பறியும் நிலையம் அண்ணியுடையது. அவளை அப்படிக் கூப்பிட முறைப்படி உரிமை உள்ளவன் ஒருத்தன்தான். அவள் கணவனின் தம்பி. ஆனால் எட்டு வருஷமாக அவன் நாள் முழுக்க “அண்ணி, அண்ணி” என்று கத்திக் கத்தி, வக்கீல்களுக்கும் போலீஸ்காரர்களுக்கும் அவள் பிடித்துக் கொடுத்த திருடர்களுக்கும்கூட அவள் அண்ணியாகிவிட்டாள். அவனுக்குக் கொசுறு என்று பெயர் வந்த கதை அதைவிடச் சுருக்கம். அண்ணியை ஒரு வேலைக்குக் கூப்பிட்டால் அவனும் கூடவே வருவான். யாரும் கேட்காமலே.

வந்தவருக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். பஸ் டிரைவர் சீருடை. உட்கார்ந்ததும் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

“அடுத்த டிரிப்புக்கு நாற்பது நிமிஷம் இருக்கு. அதுக்குள்ள சொல்லிடறேன். என்னைப் பொய்க்காரின்னு எழுதிட்டாங்க.”

அவர் மேஜைமேல் ஒரு புகைப்படத்தை வைத்தார். கட்டம் போட்ட கணக்குத் தாளின்மேல் ஒரு பூச்சி. கறுப்பு இறக்கையில் மூன்று வெள்ளிக் கோடு. தலையில் பஞ்சு ஒட்டினது மாதிரி வெள்ளைக் கொண்டை. கட்டத்தை எண்ணினால் முழு உடம்புக்கும் மூன்று மில்லிமீட்டர்தான்.

“அந்துப்பூச்சி” என்றார் டிரைவரம்மா. “பட்டாம்பூச்சிக்குச் சொந்தம். பால்கனியில ஒரு வெள்ளை வேட்டியைக் கட்டி விளக்கைப் போட்டா வந்து உட்காரும். நாலு வருஷமா படம் எடுக்கறேன். இருநூத்துப் பன்னிரண்டு வகை. எல்லாத்தையும் மியூசியத்துப் புத்தகத்துல போடறதா இருந்தாங்க.”

“இது மட்டும் எந்தப் புத்தகத்துலயும் இல்லையா?”

டிரைவரம்மா அண்ணியை ஆச்சரியமாகப் பார்த்தார். “எப்படிக் கண்டுபிடிச்சீங்க?”

“இதை மட்டும்தானே பையில போட்டு எடுத்துட்டு வந்திருக்கீங்க.”

விஷயம் இதுதான். படத்தைப் பார்த்து மியூசியத்தின் அந்துப்பூச்சி நிபுணரே நாற்காலியிலிருந்து எழுந்து நின்றிருக்கிறார். எல்லாரும் அவரை டாக்டர் என்றுதான் சொல்வார்கள், ஒருவருக்கும் ஊசி போட்டதில்லை என்றாலும். படம் மட்டும் போதாது, பூச்சியும் வேண்டும் என்றார் அவர். டிரைவரம்மா ஃப்ரீசரில் ஐஸ் தட்டுக்குப் பக்கத்தில் வைத்திருந்த பூச்சியைப் போன திங்கட்கிழமை டப்பாவோடு அவர் கையிலேயே கொடுத்தார். டாக்டர் அதன் ஒரு காலைப் பிய்த்து டி.என்.ஏ. சோதனைக்கு அனுப்பினார். நேற்று முடிவு வந்தது.

“சாதாரணக் கம்பளி அந்துன்னு வந்திருக்கு. ஸ்வெட்டரைத் தின்னுமே, அது. நான் கம்ப்யூட்டர்ல கோடு போட்டு ஏமாத்திட்டேன்னு மியூசியத் தலைவர் கடிதம் போட்டுட்டார். வர்ற திங்கட்கிழமைக்குள்ள விளக்கம் சொல்லணும். இல்லன்னா இருநூத்துப் பன்னிரண்டு படத்தையும் எடுத்துடுவாங்க.” அவர் கடிகாரத்தை மறுபடி பார்த்தார். “டிப்போவுல எல்லாருக்கும் தெரிஞ்சு போச்சு. காலையில என் பஸ் கண்ணாடியில யாரோ ஸ்கெட்ச் பேனாவால மூணு கோடு போட்டு வெச்சிருக்காங்க.”

கொசுறு சிரிக்க வாயெடுத்தான். அண்ணியின் முகத்தைப் பார்த்து அதை இருமலாக மாற்றிக்கொண்டான்.

“வேற படம் இருக்கா?”

இருந்தது. கண்ணாடிக் குப்பிக்குள் பூச்சியை விட்டு அடியிலிருந்து எடுத்த படம். அண்ணி லென்ஸை எடுத்து ஒரு நிமிஷம் குனிந்து பார்த்தாள்.

“பூச்சிக்கு எத்தனை காலும்மா?”

“ஆறு. ஆனா இதுக்கு அஞ்சுதான். பாவம், ஜன்னல் வலையில மாட்டி இடது முன்னங்கால் போயிடுச்சு. அன்னைக்கே நோட்டுல எழுதி வெச்சிருக்கேன்.”

“நீங்க டிரிப்புக்குப் போங்க. வண்டியைப் பார்த்து ஓட்டுங்க. இந்தக் கேஸை நான் எடுத்துக்கறேன்.”

அவர் படி இறங்கியதும் கொசுறு கேட்டான். “அண்ணி, எனக்கு ஒரு சந்தேகம். காணாமப் போனவரோட உயரம் மூணு மில்லிமீட்டர். ‘கடைசியாகப் பார்த்தபோது கறுப்பு உடை அணிந்திருந்தார்’னு பேப்பர்ல விளம்பரம் கொடுக்கலாமா?”

“பூச்சி காணாமப் போச்சுன்னு யார் சொன்னது?”

“யாரும் சொல்லல.”

“ஆனா போயிருக்கு” என்றாள் அண்ணி. “செருப்பை மாட்டு.”

*

டி.என்.ஏ. ஆய்வகத்துப் பெண்ணுக்குக் கண் மட்டும்தான் வெளியே தெரிந்தது. மற்றதெல்லாம் முகமூடி, தொப்பி, கையுறை. கண்ணே கோபமாக இருந்தது.

“என் மெஷின் பொய் சொல்லாதுங்க. ஒரு கால் வந்தது. கம்பளி அந்தோட கால். ஏற்கெனவே பதிவு பண்ணி வெச்சதோட நூத்துக்கு நூறு ஒத்துப்போகுது.”

“ஒத்துப்போகலன்னா என்ன வரும்?” என்று கேட்டான் கொசுறு.

“ரொம்ப நெருங்கின சொந்தம் எதுன்னு காட்டும். சித்தப்பா முறை, மாமா முறைன்னு வெச்சுக்கங்க.”

“எங்க வீட்டுக் கல்யாணத்துக்கு இந்த மெஷினைக் கூட்டிட்டுப் போகலாம் அண்ணி. பாதிப் பேரு என்ன முறைன்னே தெரியாம சாப்பிட்டுட்டுப் போறாங்க.”

அண்ணி அதைக் காதில் வாங்கவில்லை. “கம்பளி அந்து விளக்கு வெளிச்சத்துக்கு வருமா?”

அந்தப் பெண் யோசித்தாள். “அது இருட்டுக்குள்ளயே கிடக்கற ஜாதி. வெளிச்சத்தைக் கண்டா ஓடும். அலமாரிக்குள்ள, மடிச்ச துணிக்குள்ளதான் இருக்கும்.”

“ஆனா டிரைவரம்மா பூச்சி விளக்கைத் தேடி வந்திருக்கு. சரி, அந்தக் கால் வந்த குப்பியில வேற ஏதாவது இருந்ததா?”

“தூசு மாதிரி ஒரு நூல் இழை இருந்தது. நீலக் கலர் கம்பளி. அதைத் தனியா எடுத்து வெச்சுட்டேன்.” ஒரு சின்னக் கண்ணாடித் தகடை நீட்டினாள். “குப்பையில போடலாம்னு இருந்தேன்.”

“போடாதீங்க. இது பேசப் போகுது.”

வெளியே வந்ததும் கொசுறு சொன்னான். “புரிஞ்சு போச்சு அண்ணி. டாக்டர்தான் திருடன். புது வகைன்னு தெரிஞ்சதும் அசலை ஒளிச்சு வெச்சுட்டு, நகலை அனுப்பிட்டார். ஆறு மாசம் கழிச்சுத் தானே கண்டுபிடிச்ச மாதிரி தன் பேரை வெச்சுப்பார். சரியா?”

“கேட்க நல்லா இருக்கு.”

“நீங்க ‘நல்லா இருக்கு’ன்னு சொன்னா தப்புன்னு அர்த்தம்.”

*

மியூசியத்தின் மூன்றாவது மாடியில் டாக்டரின் அறை ஐஸ் பெட்டி மாதிரி இருந்தது. பூச்சிகள் கெடாமல் இருக்க ஏ.சி.யை அப்படி வைத்திருந்தார்கள். சுவர் முழுக்க மரத்தட்டுகள். ஒவ்வொன்றிலும் ஊசி குத்திய பூச்சிகள் வரிசையாகப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி நின்றன. நடுவில் மெலிசான அரைக்கைச் சட்டையில் டாக்டர் உட்கார்ந்து நடுங்கிக்கொண்டிருந்தார். முழங்கால் இரண்டிலும் பேண்ட் வெளுத்துத் தேய்ந்திருந்தது.

“குளிரலையா சார்?” என்றாள் அண்ணி.

“ப்... பழகிடுச்சு.”

கதவுக்குப் பின்னால் கொக்கியில் ஒரு பிளாஸ்டிக் பை தொங்கியது. வாய் இறுக்கமாகக் கட்டியிருந்தது. உள்ளே நீலமாக ஏதோ தெரிந்தது.

“டிரைவரம்மா கொடுத்த பூச்சியைப் பார்க்கலாமா?”

டாக்டர் ஒரு சின்னப் பெட்டியைத் திறந்து மைக்ராஸ்கோப்புக்கு அடியில் வைத்தார். வைக்கோல் நிறத்தில் ஒரு பூச்சி.

“கறுப்பும் இல்ல, கோடும் இல்லையே சார்” என்றான் கொசுறு.

“செ... செதில் உதிர்ந்திருக்கலாம். வயசான பூச்சிக்கு உதிரும்.”

“நீளமா வேற இருக்கு.”

“ஊசியில குத்தினா கொஞ்சம் நீளும்.”

“வயசானா முடி கொட்டும், குத்தினா வளரும். நல்ல பிறவி.”

அண்ணி மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தாள். உதடு அசைந்தது. எண்ணிக்கொண்டிருந்தாள்.

“டி.என்.ஏ.வுக்கு எத்தனை கால் எடுத்தீங்க சார்?”

“ஒண்ணே ஒண்ணு. வலது பின்னங்கால்.”

“இங்க அஞ்சு கால் இருக்கு.”

டாக்டர் முகத்தில் முதல்முறையாக நிம்மதி தெரிந்தது. “ஆமா. ஆறுல ஒண்ணு போனா அஞ்சு. சரியாத்தானே இருக்கு?”

அண்ணி குப்பிப் படத்தை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். “உங்ககிட்ட வரும்போதே அதுக்கு அஞ்சு கால்தான். அஞ்சுல ஒண்ணு போனா எத்தனை சார்?”

டாக்டர் படத்தையும் மைக்ராஸ்கோப்பையும் மாறி மாறிப் பார்த்தார்.

“நாலு சார்” என்றான் கொசுறு. “இதுக்கு எனக்கே விடை தெரியும்.”

அண்ணி நீல இழை இருந்த கண்ணாடித் தகடைப் படத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுக் கதவைப் பார்த்தாள். “அந்த ஸ்வெட்டரைப் பையிலிருந்து எடுக்கட்டுமா, நீங்களே சொல்றீங்களா?”

டாக்டர் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. விரல்களுக்கு நடுவிலிருந்து ஒரே ஒரு வார்த்தை வந்தது.

“தும்மிட்டேன்.”

“என்னது?”

“தும்மிட்டேன்மா! முப்பத்தொரு வருஷம் இந்த நாற்காலியில உட்கார்ந்திருக்கேன். ஒரு கொசு இறக்கைகூடத் தொலைஞ்சதில்ல. அன்னைக்குப் பூச்சியை வெள்ளைத் தாள்மேல வெச்சேன். குறடைக் கிட்ட கொண்டு போனேன். எங்கிருந்து வந்ததுன்னே தெரியல. ஒரே தும்மல். தாள் காலி.”

“தேடலையா?”

“மூணு நாள் தரையில தவழ்ந்தேன். துடைக்கிறவங்க ‘சார் குழந்தையா மாறிட்டார்’னு கீழ போய்ச் சொல்லிட்டாங்க.” அவர் தேய்ந்த முழங்காலைத் தடவினார். “அன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள கால் அனுப்பணும்னு தலைவர் அவசரப்படுத்தினார். தொலைச்சுட்டேன்னு சொல்ல வாய் வரல. என் ஸ்வெட்டரை உதறினேன். ஒண்ணு விழுந்தது.”

“அந்துப்பூச்சி நிபுணரோட ஸ்வெட்டரை அந்து தின்னிருக்கு” என்றான் கொசுறு. “ஏன் சார், அதுங்க உங்களைப் பழி வாங்குதா?”

ஆனால் அண்ணி சிரிக்கவில்லை. அவள் கோபமாக இருந்தாள் என்பது அவள் மெதுவாகப் பேசியதில் தெரிந்தது.

“அந்த அம்மாவைப் பொய்க்காரின்னு கடிதம் போனப்போ நீங்க எங்க இருந்தீங்க சார்?”

“இங்கதான்” என்றார் டாக்டர், தலையைத் தூக்காமலே. “இதே நாற்காலியில. மூணு மாசத்துல ரிட்டயர் ஆகறேன். பயந்துட்டேன்.”

“பயத்தை அப்புறம் பார்த்துக்கலாம். முதல்ல பூச்சியைக் கண்டுபிடிக்கணும். நீங்க மறுபடியும் தும்மணும்.”

*

கேண்டீனிலிருந்து மிளகுத்தூள் வந்தது. அண்ணி கறுப்புத் தாளில் மூன்று மில்லிமீட்டர் துண்டுகளாக வெட்டிக் குவித்தாள். அன்று மேஜையில் எது எங்கே இருந்ததோ எல்லாவற்றையும் டாக்டர் அதே இடத்தில் வைத்தார். விளக்கு, பேனா, குறடு, டேப் ஸ்டாண்ட், டீ தம்ளர். ஜன்னல்கூட அன்று திறந்திருந்த அளவுக்குத் திறந்தது, அதாவது திறக்கவே இல்லை.

“தயாரா?” என்றாள் அண்ணி. “கொசுறு, நீ எதிர்ல நின்னு எங்க விழுதுன்னு பாரு.”

டாக்டர் மிளகை முகர்ந்தார். மூக்கு சுருங்கியது. கண் கலங்கியது. வாய் ‘ஆ’ என்று திறந்தது. அப்படியே நின்றுவிட்டது.

“வரல” என்றார்.

“எங்க அண்ணனும் இப்படித்தான் சார். வரும் வரும்னு வீடே காத்திருக்கும், கடைசியில...”

“ஹ்ஹாச்ச்!”

கொசுறு பேசுவதை நிறுத்தினான். தொண்டையைப் பிடித்துக்கொண்டான்.

“எங்க விழுந்தது?” என்று கேட்டாள் அண்ணி.

அவன் தன் வாயைச் சுட்டிக்காட்டினான்.

“அன்னைக்கு எதிர்ல யாரும் இல்ல. அதனால இது கணக்குல வராது. தள்ளி நில்லு.”

“நான் சாட்சியை முழுங்கிட்டேன் அண்ணி. எனக்கு எத்தனை வருஷம் கிடைக்கும்?”

இரண்டாவது தும்மல் விளக்கு அடியில் விழுந்தது. மூன்றாவது மேஜை விளிம்பைத் தாண்டவில்லை; டாக்டருக்கு மூச்சு வாங்கியது. தண்ணீர் குடித்துவிட்டு வந்து மூக்கைத் துடைத்துக்கொண்டு, ஓட்டப் பந்தயக்காரர் மாதிரி கையை உதறிக்கொண்டு, நாலாவதைக் கொடுத்தார். கதவு ஆடியது என்று கொசுறு பிறகு எல்லாரிடமும் சொன்னான். அது உண்மையில்லை. ஆனால் தாள் துண்டு பறந்தது உண்மை. விளக்கின் வளைவில் பட்டு இடப்பக்கம் திரும்பி, டேப் ஸ்டாண்டில் தொங்கிய ஒட்டும் நுனியில் போய்ப் பச்சக்கென்று ஒட்டிக்கொண்டது.

ஐந்தாவதும் அங்கேதான் போனது. ஆறாவதும் ஏழாவதும்கூட.

மூன்று பேரும் டேப் ஸ்டாண்டையே பார்த்தார்கள்.

“தும்மினதுக்கு அப்புறம் முதல்ல எதுக்கு டேப் கிழிச்சீங்க?” என்றாள் அண்ணி.

டாக்டர் நெற்றியைத் தேய்த்தார். பிறகு அவர் முகம் மாறியது. தபால் நோட்டை இழுத்துப் பிரித்து விரலை வைத்தார். அன்று மத்தியானம், ஒரே ஒரு உறை.

“டிரைவரம்மாவோட படங்களைத் திருப்பி அனுப்பினேன். கண் முன்னாடி இருக்க வேண்டாம்னு உறையில போட்டு ஒட்டி உடனே அனுப்பிட்டேன். அவசரத்துல டேப்பைப் பார்க்கக்கூட இல்ல.”

“அப்போ பூச்சி...”

“அவங்க வீட்டுக்கே போயிருக்கு” என்றாள் அண்ணி.

*

கதவைத் திறந்தவர் டிரைவரம்மாவின் கணவர். லுங்கி, தோளில் துண்டு, கையில் கரண்டி.

“அவ டூட்டியில இருக்கா. பூச்சி விஷயமா? ஃப்ரீசரைத் திறந்து காட்டணுமா? ஐஸ் போட்டுத் தண்ணி குடிச்சு நாலு வருஷம் ஆச்சு.”

“மியூசியத்துலருந்து ஒரு உறை வந்ததே, எங்க சார்?” என்றாள் அண்ணி.

“படத்தை எடுத்து ஆல்பத்துல வெச்சுட்டா. உறையா? அதைப் போய் யாராவது...” அவர் திரும்பிச் சாப்பாட்டு மேஜையைப் பார்த்தார். “மேஜை ஆடிச்சு. அதனால...”

டாக்டர் ஏற்கெனவே தரையில் இருந்தார். மூன்று நாள் பழக்கம். மேஜையின் நாலாவது காலுக்கு அடியில் எட்டாக மடித்த பழுப்பு உறை.

“தொடாதீங்க!” என்றாள் அண்ணி. “கொசுறு, மேஜையைத் தூக்கு.”

மேஜையில் குழம்புச் சட்டி இருந்தது. கொசுறு ஒரு மூலையைத் தூக்க, சட்டி மறுமூலைக்கு நகர, கணவர் கரண்டியைப் போட்டுவிட்டுச் சட்டியைப் பிடித்தார். டாக்டர் உறையை இரண்டு விரலால் உருவினார். ஒவ்வொரு மடிப்பாகப் பிரித்தார். ஒன்று. இரண்டு. மூன்று. டேப் உள்பக்கம் மடிந்திருந்தது.

விரித்துப் பிடித்தார். கண்ணாடி மாதிரி இருந்த டேப்புக்கு அடியில் கறுப்பாக ஒரு புள்ளி. அண்ணி லென்ஸை அவர் கையில் கொடுத்தாள்.

“கோடு... ஒண்ணு, ரெண்டு, மூணு. வெள்ளிக் கோடு.” அவர் குரல் உடைந்தது. “ஒரு இறக்கை கசங்கியிருக்கு. இன்னொண்ணு முழுசா இருக்கு. கால்... அஞ்சும் இருக்கும்மா!”

“அந்தப் பக்கம் திரும்பி அழுங்க சார்” என்றான் கொசுறு, மேஜையைத் தூக்கியபடியே. “மூக்கு சும்மா இருக்கட்டும்.”

“இதை இப்போ கீழ வைக்கலாமா?” என்றார் கணவர், சட்டியைப் பிடித்தபடி. “இந்தப் பூச்சி இங்கயே இருக்குன்னு தெரிஞ்சா அவ என்னைக் கொன்னுடுவா.”

“அது வேற கேஸ்” என்றாள் அண்ணி. “அதுக்கும் எங்ககிட்டதான் வரணும்.”

அன்று மாலையே ஆய்வகத்துப் பெண் டேப்பைக் கத்தரித்து, பசையைக் கரைத்து, ஒரு காலைப் பிரித்தெடுத்தாள். சனிக்கிழமை தன் விடுமுறையை விட்டுவிட்டு மெஷினை ஓட்டினாள். ஞாயிற்றுக்கிழமை முடிவை டாக்டரிடம் மட்டும் சொன்னாள். அவர் யாரிடமும் சொல்லவில்லை. அண்ணி கேட்டதற்குக்கூட, “முதல்ல நான் சொல்ல வேண்டியது ஒண்ணு இருக்கு” என்றார்.

*

திங்கட்கிழமை காலை மியூசியக் கூட்டத்துக்கு டிரைவரம்மாவால் போக முடியவில்லை. டூட்டி. பஸ்ஸின் முன் சீட்டில் அண்ணியும் கொசுறும் உட்கார்ந்திருந்தார்கள், ஏதாவது சேதி வந்தால் உடனே சொல்ல. டாக்டர் போனை எடுக்கவில்லை.

“கண்ணாடியில இன்னும் அந்த மூணு கோடு இருக்கு” என்றார் டிரைவரம்மா, ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல். “துடைச்சேன். போகல.”

பதினொன்றரை மணிக்கு, மியூசியத் திருப்பத்தில், ஸ்டாப்பே இல்லாத இடத்தில் ஒரு மனிதர் ரோட்டுக்கு நடுவில் வந்து இரண்டு கையையும் விரித்து நின்றார். நீல ஸ்வெட்டர். அதில் சல்லடைக் கண் மாதிரி ஓட்டைகள்.

டிரைவரம்மா பிரேக் போட்டார். எல்லாரும் முன்னால் சாய்ந்தார்கள். கதவு திறந்ததும் டாக்டர் மூச்சு வாங்க ஏறினார். கையில் ஒரு தாள்.

“இல்லவே இல்ல!” என்றார். “எந்தப் பட்டியல்லயும் இல்ல!”

“எந்த ஸ்டாப்புங்க?” என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்டார்.

“பூச்சிங்க! ரொம்ப நெருங்கின சொந்தமே நூத்துக்குத் தொண்ணூறுதான் ஒத்துப்போகுது. கோடும் வேற, கொண்டையும் வேற. புது வகை. இந்த அம்மா கண்டுபிடிச்ச புது வகை!” பிறகு குரலை இறக்கினார். “கூட்டத்துல எழுந்து நின்னு எல்லாத்தையும் சொல்லிட்டேன்மா. தும்மினதை, மாத்தி வெச்சதை, உங்களைப் பழி சொன்னப்போ சும்மா உட்கார்ந்திருந்ததை. தலைவர் திட்டினார். நல்லா திட்டினார். இருநூத்துப் பன்னிரண்டு படமும் புத்தகத்துல வருது. இதுக்கு நீங்கதான் பேர் வைக்கணும். என்னை மன்னிச்சுடுங்கன்னு கேட்க எனக்கு...”

டிரைவரம்மா அவரைப் பார்க்கவில்லை. ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்தபடி நேராக ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். மூக்கு நுனி மட்டும் சிவந்தது. பின்னால் ஒரு கார் ஹாரன் அடித்தது. இன்னொன்றும் அடித்தது.

“அஞ்சு நாள் நான் தூங்கல சார்” என்றார் கடைசியில்.

“தெரியும்மா.”

“டிக்கெட் எடுங்க.”

டாக்டர் விழித்தார். “நான் எங்கயும் போகலம்மா. சொல்லிட்டுப் போகத்தான் ஏறினேன்.”

“ஏறினா எடுக்கணும். கடைசி ஸ்டாப்புக்கு எடுங்க. முக்கால் மணி நேரம் ஆகும். அது எப்படி இருந்தது, கிட்டத்துல பார்த்தா கோடு எப்படி மின்னுது, ஒண்ணு விடாம எனக்குச் சொல்லுங்க.”

கொசுறு எழுந்து தன் சீட்டை டாக்டருக்குக் கொடுத்தான். கதவு மூடியது. பஸ் கிளம்பியது.